மட்கார்டை வெட்டுவதற்கு முன்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் பிக்கப் வண்டி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் டயர் உரசிய கதை ஒன்று சொல்வார்கள். லோடு ஏற்றிக்கொண்டு வேகத்தடையில் இறங்கும்போது பின்னால் 'சரக்'கென்று சத்தம் வரும். இல்லையென்றால் ஃபுல் கட் அடித்துத் திருப்பும்போது முன்னால் கரகரவென்று கேட்கும். பட்டறைக்கு வருகிறவர்கள் முடிவை எடுத்துக்கொண்டுதான் வருவார்கள். “அண்ணே, டயர் இடிக்குது, மட்கார்டைக் கொஞ்சம் வெட்டி உட்ருங்க.”

வெட்டுவது சின்ன வேலை. கட்டிங் வீல் வைத்து ஓரத்தை எடுத்து, பெயின்ட் தடவி அனுப்பினால் சத்தம் நின்றுவிடும். ஆனால் டயர் மட்கார்டைத் தொடுகிறது என்றால், கம்பெனி வைத்த இடத்திலிருந்து டயரோ வண்டியோ நகர்ந்திருக்கிறது. நகர்த்தியது எது என்று தெரியாமல் தகரத்தை எடுத்துவிட்டால், அந்தக் கோளாறைக் காட்டிக்கொடுத்த ஒரே சத்தத்தையும் நாமே அடைத்துவிடுகிறோம். வண்டியின் பாரம் தாங்கும் லீஃப் ஸ்பிரிங்கைத்தான் நாங்கள் பட்டை என்போம்; அந்தப் பட்டை வேலையிலேயே ஆயுசைக் கழித்தவன் நான். இளம் மெக்கானிக்குகளுக்கும் வண்டிக்காரர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்: முதலில் அளந்து பாருங்கள், அப்புறம் கையில் கருவியை எடுங்கள்.

எங்கள் ஊருக்கு இந்த உரசல் சாதாரண விஷயம் இல்லை. மேற்கே கல்வராயன் மலை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கமாக வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் வரிசையாக இருக்கின்றன. மலைமேல் மரவள்ளிக்கிழங்கு, சாமை, கடுக்காய். கீழே கரும்பு, நெல், அரிசி ஆலைகள். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். கிழங்கு சேலம், ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும். ஒரு காலத்தில் மலைக்கு ஜீப்புதான் எல்லாம். 2005-இல் டாட்டா ஏஸ் வந்தது. நம் ஜனங்கள் அதற்குக் குட்டியானை என்று பெயர் வைத்தார்கள். பிறகு பொலேரோ பிக்கப், 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த். லாரி நுழையாத காட்டுப்பாதைக்குக்கூட இந்த வண்டிகள் போய் மூட்டை ஏற்றி வருகின்றன. ஏறும்போது மளிகை, சிமெண்டு, உரம், இறங்கும்போது கிழங்கு. தாங்குகிற அளவுக்கு மேலேயே பெரும்பாலும் ஏற்றுவார்கள். அந்தப் பாரத்தை முழுக்கச் சுமப்பது பட்டை. பட்டை உட்கார்ந்தால் டயர் உரசும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் நாமக்கல் பக்கத்தில் லாரிப் பட்டை வேலை பார்த்தவர். உரசுகிறது என்று வண்டி வந்தால் அவர் ஜாக்கியை எடுக்க மாட்டார். சாக்பீஸ் எடுப்பார். டயரின் தோள்பட்டையிலும் உள்பக்கச் சுவரிலும் சாக்பீஸை அழுத்தித் தேய்த்துவிட்டு, “லோடோட ஒரு ரவுண்டு போய்ட்டு வா” என்று டிரைவரை அனுப்புவார். திரும்பி வரும்போது சாக்பீஸ் எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் உரசல். வெறும் வண்டியைப் பட்டறையில் நிறுத்திப் பார்த்தால் எதுவும் தெரியாது. எந்தப் பாரத்தில், எந்தத் திருப்பத்தில் உரசுகிறதோ, அந்த நிலையிலேயே வண்டியைச் சோதிக்க வேண்டும்.

தடம் கிடைத்ததும் அதைப் படிக்க வேண்டும். வெளித்தோளில் கோடு விழுந்திருந்தால் மட்கார்டு ஓரம் தொடுகிறது: பட்டை தாழ்ந்திருக்கும், இல்லை வீல் வெளியே தள்ளியிருக்கும். உள்சுவர் பளபளவென்று தேய்ந்திருந்தால் கட் அடிக்கும்போது பட்டையையோ ஸ்டியரிங் ராடையோ தொடுகிறது. அப்போது ஸ்டியரிங் ஸ்டாப்பர் போல்ட்டைப் பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்தால் உரசல் நிற்கும், ஆனால் வண்டி திரும்பும் வட்டம் பெரிதாகும். மலைப்பாதைக்காரருக்கு அதைச் சொல்லாமல் செய்யக்கூடாது. கொண்டை ஊசி வளைவில் ஒரே மூச்சில் திரும்பிய வண்டி, அப்புறம் ரிவர்ஸ் போட்டுத் திரும்ப வேண்டியதாகிவிடும். தரையில் படும் பட்டன் நடுவில் வட்டமாகக் காடி விழுந்திருந்தால் சரக்குத் தொட்டிக்கு அடியில் ஏதோ போல்ட்டு முனை துருத்திக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு கோளாறுக்கு மருந்து மிகச் சுலபம். போல்ட்டின் உருண்டைத் தலை டயர் பக்கமும் நட் மேல் பக்கமும் வரும்படி திருப்பி மாட்டினால் போதும்.

அடுத்தது டேப். சமதளமான இடத்தில் வண்டியை நிறுத்தி, காற்று அளவைச் சரிபார்த்துவிட்டு, ஹப்பின் நடுவிலிருந்து மட்கார்டு வளைவின் உச்சி வரை நான்கு சக்கரத்துக்கும் அளக்க வேண்டும். இடதும் வலதும் ஒத்து வராவிட்டால் தாழ்ந்த பக்கத்துப் பட்டையைச் சந்தேகப்பட வேண்டும். பிறகு முன் ஹப்புக்கும் பின் ஹப்புக்கும் உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வைத்து அளந்தால் துல்லியமாகத் தெரியும். இரண்டு பக்கமும் ஒத்து வராவிட்டால் ஆக்சில் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

மலையிலிருந்து கிழங்கு ஏற்றி வந்த ஒரு பெரியவரின் வண்டியில் இதைக் கண்ணால் பார்த்தோம். இடது பின்டயர் மட்கார்டின் முன்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. வழியில் யாரோ மட்கார்டைத் தட்டி வளைத்துவிட்டிருந்தார்கள். “தட்டி உட்டாங்க தம்பி, ரெண்டு நாளு சும்மா இருந்துச்சு, திரும்பவும் ஒரசுது” என்றார். அளந்தோம். இடது பக்கத் தூரம் ஒரு விரல்கடை குறைவு. பட்டையை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டைக் கழற்றியதும் சென்டர் போல்ட்டின் தலை தனியாகக் கையோடு வந்தது. உடைந்த முகத்தில் பாதி துருப்பிடித்துக் கறுத்திருந்தது, மீதி பாதி வெள்ளையாக மின்னியது. முதல் விரிசல் விழுந்து பல நாள் ஆகியிருக்கிறது. கடைசி முறிவுதான் புதுசு. “ஐயா, இது மட்கார்டு வேலை இல்ல. ஆக்சிலே நகந்துகிட்டு இருக்குது. இன்னும் நாலு தடவ மலை எறங்கியிருந்தா பிரேக் ஹோஸ இழுத்திருக்கும்” என்று அந்தப் போல்ட்டை அவர் கையில் கொடுத்தேன்.

பட்டைக் கட்டின் நடுவில் போகும் சென்டர் போல்ட்டின் தலை, ஆக்சில் மேல் உள்ள குழியில் உட்காரும். ஆக்சிலை இடத்தில் நிறுத்துவது அதுதான். ஆனால் பாரத்தைப் பிடிக்க வேண்டியது யூ போல்ட்டின் இறுக்கம். யூ போல்ட்டு தளர்ந்தால் அந்தப் பாரம் முழுவதும் சென்டர் போல்ட்டின் கழுத்தில் விழும், கழுத்து அறுந்துவிடும். அதனால் பட்டை வேலை முடித்த வண்டியை, முதல் லோடு ஓடியதும் திரும்பக் கூப்பிட்டு யூ போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும். பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து இறங்கியிருக்கும், நட்டு தளர்ந்திருக்கும். இந்த இரண்டாம் முறுக்கைச் சேர்த்துத்தான் பட்டை வேலை. பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடுவதும் தப்பு. ஒருமுறை இழுபட்ட போல்ட்டு மறுபடி அதே பிடிப்பைத் தராது.

இப்போது வேண்டுமென்றே வண்டியைத் தாழ்த்தும் ஆசைக்கு வருகிறேன். அமெரிக்காவில் பிக்கப்பைத் தரையோடு தரையாக இறக்கி ஓட்டுவது பழைய பழக்கம். தாய்லாந்திலும் இளைஞர்கள் பிக்கப்பை அப்படித்தான் அழகு பார்க்கிறார்கள். அந்த வீடியோக்கள் நம் பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டன. மைக் செட் வைத்திருக்கும் ஒரு தம்பி, பெரிய பாக்ஸ்களை ஏற்றி இறக்கச் சுலபமாகவும் இருக்கும், பார்க்கவும் எடுப்பாக இருக்கும் என்று வேறோர் ஊரில் கொடுத்து வண்டியைத் தாழ்த்தி வாங்கியிருந்தார். திருவிழாவுக்குச் சாமான் ஏற்றியதும் நான்கு டயரும் உரசின.

படுத்துக்கொண்டு அடியில் பார்த்தேன். பின்பக்கம் இரண்டு பட்டையை உருவியிருந்தார்கள். மிச்சப் பட்டைகளின் வளைவைத் தட்டிப் படுக்கப்போட்டிருந்தார்கள். முன்பக்கம் ஒரு பட்டை இல்லை. ஆக்சில் மேலே போய் இடிக்காமல் தடுக்கும் ரப்பர் கட்டையையும், இடம் போதவில்லை என்று பாதியாக அறுத்திருந்தார்கள். சாதாரணமாக நான்கு விரல் நுழைகிற இடைவெளியில் ஒரு விரல்தான் நுழைந்தது. அது வெறும் வண்டியாக இருக்கும்போது. போதாததற்கு அகல டயர், வெளியே தள்ளின வீல்.

அந்தத் தம்பியை உட்கார வைத்து டயர் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். வண்டியோடு வந்தது 215/75 ஆர் 15. அகலம் 215 மில்லிமீட்டர். அதில் 75 சதவீதம் சுவரின் உயரம், அதாவது 161 மில்லிமீட்டர் சொச்சம். மேலும் கீழும் சேர்த்து 322.5, நடுவில் 15 அங்குல ரிம் 381. மொத்த விட்டம் 703.5 மில்லிமீட்டர். இப்போது போட்டிருப்பது 235/75 ஆர் 15. அதே கணக்கில் 733.5 மில்லிமீட்டர். ஆக டயரின் உச்சி ஆக்சிலிலிருந்து 15 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது, பக்கத்துக்கு 10 மில்லிமீட்டர் அகலம் கூடியிருக்கிறது. வண்டியை இறக்கினவர்களே டயரை ஏற்றியும் விட்டார்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருந்த காலி இடம் இரண்டு பக்கத்திலிருந்தும் கரைந்துபோனது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 62.5-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் என்பது தனிக்கதை.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. வளைந்த பட்டை நிமிர்ந்தால் நீளும். பின்பட்டையின் முன்கண் சேஸில் நிலையாக மாட்டியிருக்கும். பின்கண் சேக்கிள் என்ற ஆடும் இணைப்பில் தொங்கும். நீளம் பின்னால்தான் போக முடியும். அதனால் பட்டையைப் படுக்கப்போட்டால் ஆக்சிலும் கொஞ்சம் பின்னால் போகிறது. மட்கார்டின் நடுவில் இருந்த டயர் ஓரத்துக்கு வருகிறது. எல்லா போல்ட்டும் நன்றாக இருந்தும் ஏன் ஒரு ஓரத்தில் மட்டும் உரசுகிறது என்று குழம்புகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

முறையாகத் தாழ்த்துகிறவர்கள் பட்டையை உருவுவதில்லை. பட்டைக்குக் கீழே இருக்கும் ஆக்சிலைப் பட்டைக்கு மேலே மாற்றிப் பொருத்துவார்கள். ஆக்சில் போய் இடிக்கும் இடத்தில் சேஸை வில்லாக வெட்டி, கனமான தகடு வைத்துப் பலப்படுத்துவார்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணத்தைத் திரும்பச் சரிசெய்வார்கள். இவ்வளவும் செய்தபின் அந்த வண்டி பாரம் சுமக்கும் வண்டியாக இருக்காது. ஏனென்றால் ஆக்சில் மேலே போக இருக்கும் தூரம் குறையக் குறைய, பட்டை விறைப்பாக இருக்க வேண்டும். குறைந்த தூரத்துக்குள் அதே பாரத்தை நிறுத்தியாக வேண்டும். பட்டையை உருவினால் தூரமும் போகிறது, விறைப்பும் போகிறது. அதற்கப்புறம் பாரத்தை நிறுத்துவது தொட்டியின் அடித்தகடும் டயரும்தான்.

பிரேக் விஷயம் இன்னும் முக்கியம். பல பிக்கப் வண்டிகளில் பின் ஆக்சிலுக்கும் சேஸுக்கும் நடுவில் ஒரு கம்பி இணைப்போடு சின்ன வால்வு ஒன்று இருக்கும். ஆக்சிலுக்கும் சேஸுக்கும் இடைவெளி குறைந்தால் வண்டியில் லோடு இருக்கிறது என்று அந்த வால்வு எடுத்துக்கொண்டு, பின் சக்கரத்துக்குப் பிரேக் அழுத்தத்தைக் கூட்டும். இடைவெளி அதிகமாக இருந்தால் வண்டி காலி என்று குறைக்கும். பட்டையைத் தாழ்த்தினால் காலி வண்டியையே லோடு வண்டி என்று வால்வு எடுத்துக்கொள்ளும்; மழையில் பிரேக் அடித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும். எக்ஸ்ட்ரா பட்டை போட்டு உயர்த்தினவர்களுக்கு இதற்கு நேர் எதிர்: முழு லோடு இருந்தும் பின் பிரேக் குறைவாகப் பிடிக்கும், வெள்ளிமலையிலிருந்து இறங்குகிற வழி முழுக்க முன் பிரேக்கே எல்லாவற்றையும் சுமந்து சூடேறும். பட்டையின் உயரத்தைத் தொட்டவன் அந்த வால்வையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். பார்க்காமல் அனுப்புவது ஓட்டுகிறவர் உயிரோடு விளையாடுவது.

அந்தத் தம்பி கேட்டது தகரம் வெட்டத்தான். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அவருக்கு உண்மையில் என்ன தேவை என்று கேட்டேன். பாக்ஸ் ஏற்ற முதுகு ஒடிகிறது என்றார். புதுப் பட்டைகள், புது ரப்பர் கட்டை, கம்பெனி அளவு டயர், பழைய வீல் எல்லாம் போட்டோம். பின்கதவோடு சேர்த்து மடக்கிவைக்கிற சாய்ப்பலகை ஒன்றை அடித்துக்கொடுத்தோம். பாக்ஸுக்கு அடியில் சக்கரம் வைத்தால் இரண்டு பேர் தள்ளி ஏற்றிவிடலாம். உயரத்தைக் குறைக்க நினைத்ததன் நோக்கம் வேறு வழியில் நிறைவேறிவிட்டது.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அளவிலிருந்து ஆர்.சி. என்ற பதிவுச் சான்றின் விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிசெய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்துவிட்டது. ஓவர்லோடுக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும். சரக்கு வண்டிக்கு 8 வருஷம் வரை 2 வருஷத்துக்கு ஒருமுறையும், பிறகு வருஷா வருஷமும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்ட வேண்டும். வெட்டின மட்கார்டை எஃப்.சி.க்கு மட்டும் மாற்றிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எஃப்.சி. நாளில் மட்டும் ஒழுங்காக இருக்கிற வண்டி, மற்ற நாளெல்லாம் சாலையில் நம் பிள்ளைகளுக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது.

உட்கார்ந்த பட்டைக்கு வளைவு எடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டை ஸ்பிரிங் எஃகு. சாதாரண இரும்பு இல்லை. உலையில் செந்நிறம் வரும்வரை காய்ச்சி, அச்சில் வைத்து வளைத்து, சூடு இறங்குமுன் எண்ணெயில் நனைத்து, பிறகு குறைந்த சூட்டில் மறுபடி பதப்படுத்த வேண்டும். கடைசியாகச் சொன்ன இந்தப் பதம் விட்டுப்போனால் பட்டை முறியும். எண்ணெய்க்கே போகாமல் காற்றில் ஆறவிட்டால் இரண்டு லோடில் திரும்பவும் படுத்துவிடும். சூடு காட்டாமல் சுத்தியலால் தட்டி மட்டும் எடுத்த வளைவும் அப்படித்தான் சீக்கிரம் இறங்கும். சுத்தியல் தடம் ஆழமாக விழுந்த இடத்தில் விரிசல் தொடங்கவும் செய்யும். பதம் தெரிந்த ஆள் கையில் இல்லையென்றால் புதுப் பட்டை வாங்குவதே லாபம். எதைச் செய்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டால் வண்டி சாய்ந்து, உரசல் எதிர்ப்பக்கம் குடியேறும்.

டயரை மாற்றும்போது அளவோடு தாங்கும் எடையையும் பாருங்கள். டயர் சுவரில் 100 என்று குறியீடு இருந்தால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும் என்று பொருள். 104 என்றால் 900 கிலோ. விலை மலிவு என்று பிக்கப்புக்குக் கார் டயர் போட்டால், அளவு ஒன்றாக இருந்தாலும் லோடில் சுவர் பிதுங்கும், பிதுங்கிய சுவர் உரசும். பக்கச் சுவரில் நூல் தெரிகிற அளவுக்கு உரசிய டயருக்குப் பஞ்சர் ஒட்டு உதவாது. அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், ஸ்டெப்னியாகக்கூட வைக்கக்கூடாது.

மலையிறங்கும் வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாயும். இடது பக்கம் திரும்பும் வளைவில் வலது முன்சக்கரத்தின் மேல் முழு எடையும் வந்து உட்காரும். ஏறும்போது கேட்காத உரசல் இறங்கும்போது கேட்பது இதனால்தான். “எறங்கறப்ப மட்டுந்தான்ணே வருது” என்று அதை லேசாகச் சொல்லாதீர்கள். அந்தச் சக்கரத்தை நம்பித்தான் நீங்கள் பள்ளத்துப் பக்கம் திரும்புகிறீர்கள்.

மட்கார்டு ஓரத்தைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பட்டை சரி, டயர் சரி, ஆக்சில் இடம் சரி, ரப்பர் கட்டை சரி என்று எல்லாம் பார்த்த பிறகும் உள்மடிப்பு ஒரு நூல் தொடுகிறது என்றால், சூடு காட்டி அந்த மடிப்பை உள்ளே படியவைத்து, துருப்பிடிக்காமல் பெயின்ட் அடிக்கலாம். ஆனால் அது கடைசி வேலை. என்னிடம் தொழில் பழகும் பையன்களுக்கு வரிசை இதுதான்: சாக்பீஸ், காற்று, டேப், தூக்குக்குண்டு, யூ போல்ட்டு, பட்டை, ரப்பர் கட்டை, பிரேக் வால்வு. இவ்வளவும் முடிந்த பிறகுதான் தகரம். இந்த வரிசையில் போனால் தகரம் வரை போக வேண்டிய வண்டி மிகவும் அரிது. வண்டிக்காரர்களும் இதைக் கேட்டு வாங்கப் பழக வேண்டும். உரசுகிறது என்று சொன்னதும் டேப்பைத் தேடுகிற மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுங்கள். அளக்காமலே கட்டிங் வீலை ஓட்டுகிறவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.